பீரோவில் பூட்டிய சூடு

அவர் நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கொடுமை என்னவென்றால், அவர்கள் சொல்வது உண்மை. சிறுமலையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் அவரோடு பல வருடங்கள் வேலை பார்த்தேன். அங்கிருந்து ஒரு பிடி அரிசியைக்கூட அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. எந்தக் கிழவர்மேலும் கை ஓங்கியதில்லை. பீ மூத்திரம் அள்ள முகம் சுளித்ததில்லை. திருடியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். ஊரைக் கூட்டி நாலு வார்த்தை கேட்டுவிட்டு அன்றோடு மறந்திருப்பேன்.

அவர் அந்த இல்லத்தின் மேனேஜர். எல்லோருக்கும் பெரியக்கா. தொண்ணூறுகளின் கடைசியில் சின்னாளபட்டியிலிருந்து நான் ஆயா வேலைக்குப் போனபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெளிறிப்போன நூல் சேலை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. போட்டிருந்த செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருக்கும். புதுச் செருப்பு இல்லாமல் இல்லை. கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

பத்திரம் என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் சொல். "பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்பார். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். திண்டுக்கல்லிலிருந்து யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டுகள் பத்திரமாக இருக்கும். கிழவர்கள் விளிம்பு நசுங்கிய அலுமினியத் தட்டில் சாப்பிடுவார்கள். டிவிக்கு ஒரு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு டவல், ரிமோட்டுக்குத் தனியாக பாலிதீன் பை. சக்கர நாற்காலி ஒன்று வந்திருந்தது. அதன் சீட்டில் கம்பெனிக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்க விடமாட்டார். நடக்கமுடியாத ஒரு அம்மாவை நானும் இன்னொரு ஆயாவும் மர நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவோம். போகிற வழியில் அந்தச் சக்கர நாற்காலி போர்வை போர்த்திக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கும்.

"அக்கா, அதுல உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போனா என்னக்கா?"

"போடி. சீட்டு கிழிஞ்சுச்சுன்னா யாரு குடுப்பா? நாளப்பின்ன அவசரம்னு வந்தா என்ன செய்வ?"

நாளைப் பின்னே என்று அவர் எதைச் சொன்னாரோ தெரியாது. அங்கே இருந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது. அவர்களைவிட அவசரம் யாருக்கு வரும்?

இதையெல்லாம் கேலி பேசிச் சிரிக்கலாம். நாங்களும் சிரித்திருக்கிறோம். மார்கழி வந்தால்தான் சிரிப்பு வராது.

கீழே திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்குச் சிறுமலைக் குளிர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்ஸில் வந்து, வாழைப்பழமும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு, என்ன சுகமான காற்று என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். எங்கள் இல்லத்துக்குப் பணம் போட்ட டிரஸ்ட்காரர்களும் அப்படித்தான். யாரோ தோட்டத்து முதலாளி விட்டுப்போன பழைய ஓட்டு வீடு அது. மேகம் ஓட்டு இடுக்கு வழியாக உள்ளேயே வரும். காலையில் போர்வையைத் தொட்டால் அலசிப் போட்ட துணி மாதிரி இருக்கும். அதிலும் வடக்குப் பார்த்த அறை மோசம். வெயில் என்பதே அந்த அறைக்குக் கிடையாது.

அந்த அறையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் பாய். பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே ஆயுசைக் கழித்தவர். பெண்டாட்டி போய்விட்டார், பிள்ளை இல்லை. அண்ணன் மகன் கொண்டுவந்து விட்டான். இன்னொருவர் சூசை ஐயா. வத்தலக்குண்டுப் பக்கம் விவசாயம் பார்த்தவர், கொஞ்சம் ஞாபகம் தப்பிப்போனவர். விடிந்ததும் இருவரும் மங்கி குல்லாவோடு வாசலில் வந்து நின்று, பலாமரத்துக்கு மேலே வெயில் ஏறுவதற்காகக் காத்திருப்பார்கள். பாயின் குதிகால் வெடிப்பில் என் விரல் போகும். வெந்நீரில் கழுவி விளக்கெண்ணெய் தடவி விடுவேன்.

"ஏம்மா, தோல் ஷாப்புல நிக்கிறப்ப காலு எரியுது எரியுதுன்னு அழுவேன். இப்ப அந்த எரிச்சல் செத்த நேரம் கெடைக்காதான்னு இருக்கு" என்பார் பாய்.

பெரியக்காவிடம் போய் அறை குளிர்கிறது என்று சொன்னால், "பழகிரும்" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். தலையைத் தடவி, பிரியமாகச் சொல்வார். அவரும் அப்படித்தான் இருந்தார். கிழிந்த சேலையை நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுப்பார். தான் தாங்குவதால் எல்லோரும் தாங்கவேண்டும் என்று ஒருவர் நினைத்துவிட்டால் அவரோடு என்னதான் பேச முடியும்?

எங்கள் இல்லத்தில் விளக்கு வைத்ததும் சாம்பிராணி போடுவது வழக்கம். அடுப்பிலிருந்து கங்கு எடுத்து ஒரு மண்சட்டியில் போட்டு, சாம்பிராணி தூவி, அறை அறையாகக் கொண்டுபோவோம். கொசுவுக்கு ஆகும், சளிக்கு ஆகும் என்று எல்லோருக்கும் அது பிடிக்கும். பாய், தர்காவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்வார். சூசை ஐயா மாதா கோயில் ஞாபகம் வந்து சிலுவை போட்டுக்கொள்வார். சட்டி அறையை விட்டு வெளியே போகும்போது இருவரின் கண்ணும் அதன் பின்னாலேயே போகும். அந்தக் கங்கின் சூட்டின்மேல் அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

ஒரு மார்கழியில் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மற்ற ஆயா பாவம், புதுசு. இருவரும் கெஞ்சவும் சட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். குளிர் வராமல் இருக்க சூசை ஐயா ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து, கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்திருக்கிறார். நம் ஊரில் குளிர் என்றால் அதுதானே செய்வோம். காதை அடைப்போம், வீட்டை அடைப்போம்.

காலையில் முதல் பஸ்ஸில் நான் வந்து கதவைத் தள்ளினேன். சூசை ஐயா வாந்தி எடுத்து அதிலேயே கிடந்தார். பாயை உலுக்கினால் கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. கத்திக்கொண்டே நானும் ஓடிவந்த அந்த ஆயாவும் இருவரையும் ஆளுக்கொரு பக்கமாக வாசலுக்கு இழுத்துப் போட்டோம். காற்றுப் பட்டு வெகுநேரம் கழித்துத்தான் பாய், "தலை பொளக்குதும்மா" என்றார். மாதம் ஒருமுறை கீழிருந்து வந்து பார்க்கிற டாக்டர் செய்தி கேட்டு அன்றே வந்தார். அடைத்த அறையில் கரி கனன்றால் வாசனையே இல்லாத விஷக்காற்று சேரும், ஓட்டுக் கூரையில் சந்து இருந்ததால் பிழைத்தார்கள் என்றார்.

பெரியக்கா அழுதார். நெஞ்சில் அடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், சாம்பிராணிச் சட்டியைக் கழுவித் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"இனிமே பயமில்ல" என்றார்.

"குளுருக்கு என்னக்கா செய்ய? அதுக்குப் பயந்துதான அத உள்ள வச்சாக?"

"பழகிரும் புள்ள."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆபத்தைப் பீரோவில் பூட்டியாகிவிட்டது. குளிர் அப்படியே அறையில் இருந்தது.

அந்த டாக்டர் சும்மா விடவில்லை. தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி, மறு மாதமே அறைக்கு ஒன்றாக எண்ணெய் ஹீட்டர்கள் அனுப்பினார். உள்ளே எண்ணெய் அடைத்த, தகடு தகடாக, அடியில் சக்கரம் வைத்த ஹீட்டர். தணலும் இல்லை, புகையும் இல்லை, சிவக்கிற கம்பியும் இல்லை. தானாகச் சூடாகும், அளவுக்கு மேல் போனால் தானாக நின்றுகொள்ளும். பழைய வயர் தாங்காது என்று திண்டுக்கல்லிலிருந்து வயர்மேனையும் அவரே அனுப்பி, எல்லா அறைக்கும் தனி லைன் இழுத்துப் பெரிய பிளக் போடவைத்தார். கட்டிலிலிருந்து தள்ளி வைக்கவேண்டும், மேலே துணி போடக்கூடாது, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகக்கூடாது என்று எனக்கு அவரே நின்று சொல்லிக்கொடுத்தார். ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஹீட்டர்களுக்குத் திறப்பு விழாவே நடந்தது. டிரஸ்ட் தலைவர் வந்தார். பெரியக்கா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார். போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் வடக்கு அறை அறையாக இருந்தது. பாய் குல்லாவைக் கழற்றினார். அவர் தலை வழுக்கை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "மெக்கா வெயிலு இப்படித்தான் இருக்குமோ என்னமோ" என்று சொல்லிச் சிரித்தார்.

கெட்ட நேரம், சூசை ஐயா தன் ஈரத் துண்டைக் கொண்டுபோய் ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டார். நான் உடனே எடுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பெரியக்கா அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை நான் வேலைக்கு வரும்போது ஹீட்டர்கள் எதுவும் அறையில் இல்லை. மாலையைக் கழற்றி, துடைத்து, தெர்மோகோல் வைத்து, வந்த அட்டைப்பெட்டியிலேயே இறக்கி, ஆபீஸ் ரூம் பீரோவில் அடுக்கிப் பூட்டியிருந்தார். வயர்மேன் போட்ட பிளக்குகளின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"துண்டப் போட்டா எடுத்துர மாட்டமாக்கா? நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீ எம்புட்டு நேரம் பாப்ப? தீப் புடிச்சா நீயா பதில் சொல்லுவ? அதோட கரண்டு ஏறி எறங்குது, மிஷினு கெட்டுப்போகும்டி. வெல என்ன தெரியுமா?"

"கெட்டுப்போனாப் போகட்டும். ஆளு கெட்டுப்போறாகளே!"

"வாய மூடு. ரொம்பக் குளிரு வரட்டும், எடுத்துக்கலாம். பத்திரமா இருக்கு."

ரொம்பக் குளிர் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. அந்தத் தையிலும் வரவில்லை, அடுத்த மார்கழியிலும் வரவில்லை. நான் டிரஸ்ட் தலைவரிடமே சொன்னேன். அவர் வந்தது வழக்கம்போல மதியம், சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு. "ஏம்மா, ஹீட்டர் இருக்குல்ல?" என்று கேட்டார். பெரியக்கா பீரோவைத் திறந்து காட்டினார். "வந்தது வந்தபடி புத்தம் புதுசா இருக்குங்க ஐயா" என்றார். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படிப் பொருளக் காப்பாத்துற ஆளு எங்கம்மா கெடைக்கும்!" என்று மெச்சிவிட்டு, வாழைத்தாரை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து வடக்கு அறையில் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. டாக்டரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் நாடி பிடித்துவிட்டு, சளி மாத்திரை எழுதுவதோடு சரி.

என்னால் ஆனதைச் செய்தேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இருவர் காலடியிலும் வைப்பேன். செத்த நேரத்தில் அது ஆறிவிடும். பாய் ஒருநாள் கூடக் குறை சொன்னதில்லை. பெரியக்கா அந்தப் பக்கம் வந்தால், "நல்லா இருக்கேம்மா" என்று எழுந்து உட்காருவார். பெரியக்கா போனதும் கைகளை அக்குளில் சொருகிக்கொள்வார்.

அந்த மார்கழிக் கடைசியில் பாய்க்குச் சளி பிடித்தது. அது நெஞ்சில் இறங்கியது. ஒரு காலையில் மூச்சு விடுகிற சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. தோட்டத்து ஜீப் ஒன்றைப் பிடித்தோம். ஏற்றும்போது பெரியக்கா, "இருங்க, இருங்க" என்று உள்ளே ஓடினார். அவர் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு கம்பளியோடு வந்தார். சிவப்பில் கறுப்புக் கட்டம் போட்ட புதுக் கம்பளி. அப்படி ஒன்று அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. லேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பாயின் கழுத்து வரை இழுத்துப் போர்த்திவிட்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மலை இறங்குகிற வழியெல்லாம் பாயின் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் கம்பளி சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து மறுநாள் காலையில் பாய் போய்ச் சேர்ந்தார். நிமோனியா என்றார்கள். அண்ணன் மகனும் பள்ளிவாசல் ஆட்களும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைத் துணி தவிர வேறெதுவும் கூடப் போகாது என்று அந்தப் பையன் கம்பளியைப் பெரியக்கா கையில் திருப்பிக் கொடுத்தான். "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க, மறக்க மாட்டோம்" என்று கும்பிட்டான். பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மூக்கைச் சிந்திவிட்டு, மடியில் இருந்த கம்பளியை விரித்தார். நுனியோடு நுனி சேர்த்தார். கடையில் மடித்த மடிப்பு எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே மடித்தார், நீவினார். மடங்கியிருந்த லேபிளை நேராக்கினார். பிறகு பையிலிருந்து அதன் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்திலும் உறையை மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார். கம்பளி அதற்குள் போனது.

"துவைக்க வேண்டியதில்ல. அழுக்காகல" என்றார் என்னிடம்.

பஸ் நின்றதும் அவருக்கு முன்னால் இறங்கி நடந்தேன். ஆபீஸ் ரூமில் அவர் வந்து நின்றதும் இடுப்பில் கைவிட்டுச் சாவிக்கொத்தைப் பிடுங்கினேன். சேலை கிழிந்தது. கிழியட்டும் என்று விட்டேன்.

"ஏய், என்னடி செய்யிற?"

பீரோவைத் திறந்தேன். முதல் பெட்டியை இழுத்துத் தரையில் போட்டு, கையாலேயே கிழித்து, தெர்மோகோல் நாலாபக்கமும் பறக்க ஹீட்டரை வெளியே எடுத்து, வடக்கு அறைக்கு உருட்டிக்கொண்டு போனேன். சூசை ஐயா தன் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பாயின் கட்டிலைக் காட்டி, "அவரு எங்க, வெயிலுக்குப் போயிட்டாரா?" என்று கேட்டார். நான் பிளக்கின்மேல் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் கிழித்தேன். கட்டிலைத் தள்ளிப் போட்டேன். ஜன்னலை விரலளவு திறந்து வைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

"பாத்து, பாத்து... செவுத்துல இடிச்சுக் கீறல் விழுந்துரும்" என்று வாசலில் நின்று பதறினார் பெரியக்கா.

"வாய மூடுங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எண்ணெய் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு மெதுவாக அறை மாறியது. சூசை ஐயா முழங்காலை நீட்டினார். போர்வைக்கு வெளியே இரண்டு பாதத்தையும் எடுத்து வைத்தார். குழந்தை மாதிரி விரல்களை ஆட்டிப் பார்த்தார்.

பெரியக்கா உள்ளே வந்தார். காலியாக இருந்த பாயின் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். அவருடைய விரல் கணுக்களெல்லாம் பனியில் வெடித்துக் கறுத்திருந்தன. தயங்கித் தயங்கி இரண்டு கையையும் ஹீட்டர் பக்கம் நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கண் தானாக மூடியது. இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தான்டி இருக்கு" என்றார்.

பாயை அப்போது கபரில் வைத்து மண் தள்ளிக்கொண்டிருப்பார்கள். நான் எழுந்து வெளியே போய் வாசலில் நின்றேன். அந்த அறையில் இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் அவரை அடித்திருப்பேன்.